அப்பாவின் ஐஸ் பெட்டியும் என் முந்நூறு நானோமீட்டரும்

எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அப்பாவுக்கு நாகப்பட்டினத்தில் மீன் வியாபாரம். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியில் ஒரு அடுக்கு நொறுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன், மேலே மறுபடி ஐஸ் என்று போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வண்டி ஏற்றிவிடுவார். காலிப் பெட்டிகள் திரும்பி வந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். சிலதைத் தனியே ஒதுக்கிவிடுவார். "இது தண்ணி குடிச்சிருச்சும்மா, இனிமே ஐஸ் தாங்காது" என்பார்.

வெளியிலிருந்து பார்த்தால் நல்ல பெட்டிக்கும் ஒதுக்கிய பெட்டிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தூக்கினால்தான் தெரியும். தெர்மாகோல் என்பது தனித்தனி மணிகளை நீராவியில் உப்பவைத்து, அச்சுக்குள் ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. மணிக்கும் மணிக்கும் நடுவே நுண்ணிய இடுக்குகள் இருக்கும். ஐஸ் உருகிய தண்ணீர் மாதக்கணக்கில் அந்த இடுக்குகளில் ஊறிக்கொண்டே வரும். அசையாமல் நிற்கும் காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் விடை தெரியும்.

பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்தேன். அப்புறம் புனேயில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். தலைப்பு: வெப்பத்தைத் தடுக்கும் பாலிமர் நானோ கலவை நுரைகள். அதாவது, மிக நுண்ணிய தூள் கலந்த பிளாஸ்டிக்கைக் குமிழ் குமிழாக உப்பவைப்பது. ஐந்து வருடம் இதிலேயே கிடந்தேன். இந்தத் துறையைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் நானே எழுதுகிறேன்.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். ஒரு பொருள் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதை மீட்டர்-கெல்வினுக்கு இத்தனை மில்லிவாட் என்று சொல்வோம். இனி வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். எண் குறையக் குறைய நல்லது. அறை வெப்பநிலையில் அசையாத காற்று 26. தண்ணீர் சுமார் 600. பெட்டிக்கான வெள்ளைத் தெர்மாகோல் சுமார் 36. குளிர்பதனப் பெட்டிச் சுவருக்குள் ஊற்றும் பாலியூரித்தேன் நுரை 20 முதல் 25 வரை. அது காற்றையே முந்துவதற்குக் காரணம், அதன் குமிழ்களுக்குள் சைக்ளோபென்டேன் போன்ற கனமான வாயு அடைபட்டிருப்பதுதான். வருடங்கள் போகப் போக அந்த வாயு மெல்ல வெளியேறிக் காற்று உள்ளே வரும், எண்ணும் ஏறும்.

இப்போது தெர்மாகோலின் 36ஐப் பிரித்துப் பார்ப்போம். அதன் கன அளவில் 98 சதவீதம் காற்று. அதனால் 26க்குச் சற்றுக் குறைவான பங்கு காற்றினுடையது. குமிழ்களின் சுவர், அதாவது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், வழியாகப் போவது ஒன்று, இரண்டுதான். குமிழ்கள் மிகச் சிறியவை என்பதால் உள்ளே காற்று சுழன்று வெப்பத்தைச் சுமந்துபோக முடியாது. அப்படியானால் மீதி ஒன்பது எங்கே போகிறது? அது கதிர்வீச்சு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக, மெல்லிய சுவர்களை ஊடுருவிக்கொண்டு வெப்பம் போகிறது. ஏறக்குறைய கால் பங்கு. கல்லூரியில் இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து திண்ணையில் பார்த்த அந்த வெள்ளைப் பெட்டி, அகச்சிவப்புக்குப் பாதி திறந்த ஜன்னல்.

ஆக, நுரையை மேம்படுத்த மூன்று வாசல்கள். வாயுவைக் கட்டுப்படுத்தலாம், திடப்பகுதியைக் குறைக்கலாம், கதிர்வீச்சை மறிக்கலாம். எல்லோரையும் மயக்குவது முதல் வாசல்தான். என்னையும் அதுதான் மயக்கியது.

காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோதும்முன் சராசரியாக 70 நானோமீட்டர் பயணிக்கும். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான்; அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்.) வெப்பம் காற்றில் பரவுவது இந்த மோதல்களால்தான். குமிழையே அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டால் மூலக்கூறு தன் கூட்டாளியின்மேல் மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே அதிகமாகிவிடும். வெப்பம் கைமாறுவது தடைபடும். இதற்கு நுட்சன் விளைவு என்று பெயர். கணக்குப்படி ஒரு மைக்ரான் குமிழுக்குள் காற்றின் 26 சுமார் 21 ஆகும். 200 நானோமீட்டரில் 12. 100 நானோமீட்டரில் 8. வெறும் காற்றை வைத்தே பாலியூரித்தேனைத் தோற்கடிக்கலாம், விசேஷ வாயு எதுவும் வேண்டாம். இப்படி ஒரு வாக்குறுதி கண்ணெதிரே இருந்தால் எந்த மாணவிதான் சும்மா இருப்பாள்?

இது கற்பனையும் அல்ல. 1931இல் சாமுவேல் கிஸ்ட்லர் உருவாக்கிய ஏரோஜெல் இப்படித்தான் வேலை செய்கிறது. சிலிக்கா ஏரோஜெல் 15க்கும் கீழே போகும். ஆனால் அது எளிதில் நொறுங்கும், பொடி உதிரும், விலையும் அதிகம். அதே காரியத்தைச் சாதாரண பிளாஸ்டிக்கில் செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் துறையின் கேள்வி. 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பத்து மைக்ரான் அளவுக் குமிழ்களைச் செய்தார்கள். அவர்கள் நோக்கம் வெப்பத் தடுப்பு அல்ல, வலு குறையாமல் பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்துவது. அங்கிருந்து நானோ வரை இறங்கிவரப் பல வருடங்கள் ஆயின. ஸ்பெயினின் வல்லாடோலிட் பல்கலைக்கழகக் குழு 2015இல் நானோ குமிழ்கள் கொண்ட அக்ரிலிக் நுரையில் நுட்சன் விளைவை அளந்தே காட்டியது.

என் பொருளும் அக்ரிலிக்தான். இரண்டு மில்லிமீட்டர் தகடு. அதை உயரழுத்தக் கலனில் வைத்து, 300 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 300 மடங்கில், கார்பன் டை ஆக்சைடை ஒரு நாள் முழுக்க ஊறவிடுவேன். அக்ரிலிக்குக்கு இந்த வாயுவின்மேல் அவ்வளவு ஆசை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். 100 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும் பிளாஸ்டிக், வாயு ஊறியதும் அறை வெப்பத்திலேயே இளகிவிடும். அப்புறம் வால்வைத் திறந்து அழுத்தத்தைச் சட்டென்று இறக்க வேண்டும். கலனே அதிர்கிற மாதிரி ஒரு சீறல். உடனே தகட்டை எடுத்து 60 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால், கண்ணாடி மாதிரி இருந்த தகடு பால் நிறமாகி உப்பும்.

நானோ தூளுக்கு இங்கேதான் வேலை. கோலி சோடாவில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் பொங்குமே, அதே கதை. ஒவ்வொரு துகளும் ஒரு குமிழ் பிறக்க இடம் கொடுக்கும். நான் போட்டது செப்பியோலைட் என்ற களிமண் கனிமம். ஊசி ஊசியாக இருக்கும். தடிமன் இருபது முப்பது நானோமீட்டர், நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். எடையில் இரண்டு சதவீதம் போட்டாலே கோடிக்கணக்கான பிறப்பிடங்கள். ஆனால் ஊசிகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்க வேண்டும். கட்டிதட்டிவிட்டால் பத்தாயிரம் ஊசி சேர்ந்து ஒரே ஒரு குமிழைத்தான் பெறும். என் முதல் வருடம் முழுவதும் இந்தக் கட்டிகளை உடைப்பதிலேயே போனது. பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் கலக்கும் எக்ஸ்ட்ரூடரில் திருகின் வேகத்தை ஏற்றினால் கட்டி உடையும், கூடவே ஊசியும் உடையும், பாலிமரும் மஞ்சளாகும்.

மூன்றாம் வருடம் ஒரு மாதிரி சரியாக வந்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது மூச்சே நின்றுவிட்டது. திரை முழுக்கத் தேன்கூடு மாதிரி ஒரே சீரான குமிழ்கள், சராசரி 300 நானோமீட்டர். அந்தப் படத்தை இன்னும் கைபேசியின் முகப்பில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் அளந்தேன். கருவி எளிமையானது: மேலே சூடான தட்டு, கீழே குளிர்ந்த தட்டு, நடுவே மாதிரி. எத்தனை வெப்பம் போகிறது என்று பார்க்க வேண்டியதுதான். எண் 65 என்று வந்தது. மாதிரியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மறுபடி 65. கருவியின் மேல் சந்தேகம் வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு பழைய பெட்டியிலிருந்து துண்டு வெட்டி வைத்தேன். 36. கருவி சரியாகத்தான் இருந்தது.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். ஏதோ சரியில்லை என்று என் குரலிலேயே தெரிந்திருக்கும். மூன்று வருடமாகச் செய்தது நம் பெட்டி அளவுக்குக்கூட ஐஸ் தாங்காது என்றேன். அவர் யோசித்துவிட்டு, "கையில எடுத்தா எப்படிம்மா இருக்கு? கனமா, லேசா?" என்று கேட்டார்.

கனம்தான். நீர் ஒரு கன மீட்டர் ஆயிரம் கிலோ. திட அக்ரிலிக் 1190. என் நுரை 420. அப்பாவின் பெட்டி இருபதுக்கும் கீழே. என் நுரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திடப் பிளாஸ்டிக். குமிழுக்குள் காற்று அடங்கிப்போனது உண்மைதான்; நுட்சன் தன் வேலையைச் செய்தார். ஆனால் வெப்பம் குமிழை விட்டுவிட்டுத் தடித்த சுவர்களின் வழியாகச் சாவகாசமாக நடந்து போனது. அடர்த்தி எண் என் நோட்டிலேயே இருந்தது. படத்தின் அழகில் அதை நான் பார்க்கவில்லை.

சரி, இன்னும் உப்பவைத்தால் என்ன? அங்கேதான் உண்மையான சுவர் வருகிறது. 100 நானோமீட்டர் குமிழ்கள் வைத்து, கன அளவில் 95 சதவீதம் காற்றாக இருக்க வேண்டும் என்றால் சுவர் எத்தனை தடிமன் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். சுமார் இரண்டு நானோமீட்டர். ஒரு பாலிமர் சங்கிலி தன்னியல்பாகச் சுருண்டு கிடக்கும் அளவே பத்து நானோமீட்டர் வாக்கில் இருக்கும். ஒரு நூல்கண்டைவிட மெல்லியதாக, அதே நூல்கண்டுகளைக் கொண்டு சுவர் எழுப்பச் சொல்கிறோம். நான் போட்ட ஊசியின் தடிமனோ இருபது நானோமீட்டர். குமிழ் பிறக்க உதவியவளே, சுவர் மெலியும் நேரத்தில் அதைக் குத்திக் கிழிக்கிறாள். கிழிந்தால் இரண்டு குமிழ் ஒன்றாகும், நான்கு ஒன்றாகச் சேரும், நானோ போய் மைக்ரான் வந்துவிடும். போதாததற்கு, அவ்வளவு மெல்லிய சுவர் அகச்சிவப்பை மறிக்கவும் மறிக்காது.

தடிமன் இன்னொரு தொல்லை. வாயு ஊறும் நேரம் தகட்டின் தடிமனுடைய வர்க்கமாக ஏறும். இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்றால், அதே கணக்கில் இருபது மில்லிமீட்டருக்கு நூறு நாள்.

இதைத் தோல்வி என்று எழுதவில்லை. நானோ நுரை ஒரு நாள் வரும் என்று நம்புகிறேன், அதற்காக உழைப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் துறையில் குமிழின் அளவைத் தலைப்பில் போட்டுவிட்டு, அடர்த்தியை உள்ளே ஏதோ ஒரு அட்டவணையில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. நானும் என் முதல் கட்டுரையில் அப்படித்தான் செய்தேன். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். கூடவே அளந்த வெப்பக் கடத்தலும் வேண்டும். குமிழ் சிறிதாக இருப்பதால் "வெப்பத் தடுப்புக்கு உகந்தது" என்று ஊகித்து எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 65 நினைவுக்கு வரும்.

மீதி இரண்டு வருடமும் மூன்றாம் வாசலில்தான் நின்றேன். அகச்சிவப்பை மறிப்பது. இதில் புதுமை என்று நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் 1951இல் தெர்மாகோலுக்கான வெள்ளை மணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; 1990களில் அதற்குள் கிராஃபைட் செதில்களைக் கலந்து சாம்பல் நிற மணியை நியோபோர் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. கிராஃபைட் அகச்சிவப்பை விழுங்கும், சிதறடிக்கும். எண் 36இலிருந்து 31 வாக்கில் இறங்கும். அந்தச் செதில்கள் மைக்ரான் அளவு, நானோகூட அல்ல. அளவுக்கு மீறிக் கலந்தால் கிராஃபைட்டே வெப்பத்தைக் கடத்தும் பாதையாகிவிடும். நான் இன்னும் மெல்லிய, நானோ தடிமன் கொண்ட கிராஃபைட் அடுக்குகளைப் போட்டுப் பார்த்தேன். குறைந்த அளவிலேயே கதிர்வீச்சை மறிக்க முடிந்தது, ஆனால் குமிழ்ச் சுவர்கள் சீக்கிரம் கிழிந்தன. வேலை இன்னும் நடக்கிறது.

போன மார்ச்சில் ஊருக்குப் போனபோது தெரிந்த ஒரு மோல்டிங் பட்டறையில் சாம்பல் மணியில் இரண்டு பெட்டி அடித்து வாங்கிக்கொண்டேன். வெள்ளைப் பெட்டியின் அதே அச்சு, அதே 25 மில்லிமீட்டர் சுவர். அப்பாவின் கொட்டகையில் ஒரு வெள்ளை, ஒரு சாம்பல் என்று நிழலில் வைத்து ஒவ்வொன்றிலும் 20 கிலோ ஐஸ் போட்டோம். மாலை நாலு மணிக்கு மூடி, மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்து, தண்ணீரை வடித்து, ஐஸை மீன் தராசில் நிறுத்தோம். வெள்ளையில் 10.9 கிலோ மிச்சம். சாம்பலில் 12. சுவர் வழியாக வரும் வெப்பத்தை மட்டும் கணக்குப் போட்டு முன்கூட்டியே நோட்டில் எழுதியிருந்தேன்: 8.4 கிலோவும் 7.2 கிலோவும் உருகும் என்று. உருகியது 9.1, 8. மூடி இடுக்கில் போனதைச் சேர்த்தால் ஒத்துப்போகிறது. அப்பா உடனே பெருக்கினார். "ஒரு பெட்டிக்கு ஒரு கிலோ. நாப்பது பெட்டிக்கு நாப்பது கிலோ ஐஸ்." பிறகு பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். வெள்ளை மாதிரியே லேசாக இருந்தது.

மறுநாள் வெயிலில் வைத்தோம். வண்டி வரும்வரை பெட்டிகள் துறைமுகத்தில் வெயிலில்தான் கிடக்கும், அதனால் அதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது அப்பாதான். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை. வெள்ளையில் 2.6 கிலோ உருகியது. சாம்பலில் 2.9. அகச்சிவப்பை விழுங்கும் கிராஃபைட் சூரிய ஒளியையும் விழுங்கும். மூடியின் மேல்பரப்பு 61 டிகிரி காட்டியது, ஓரம் லேசாக வளைந்தும்விட்டது. கட்டடங்களில் சாம்பல் நிறத் தெர்மாகோல் பலகை ஒட்டுபவர்கள் நிழல்வலை கட்டி வேலை செய்வது இதனால்தான். எனக்குப் படித்த விஷயம்தான், ஆனால் மீன்பெட்டியோடு அதை நான் சேர்த்து யோசித்திருக்கவில்லை.

இரண்டாவது சாம்பல் பெட்டிக்கு வெள்ளை அடித்தேன். தின்னர் கலந்த பெயின்ட் பட்டால் தெர்மாகோல் கரைந்து ஓடும், ஆகவே சுவருக்கு அடிக்கும் தண்ணீர் கலந்த எமல்ஷன். இரண்டு கோட்டு. மறுநாள் அதே வெயில், அதே நான்கு மணி நேரம். 2.3 கிலோ. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பெட்டி. இதை வைத்து யாரும் தொழிற்சாலை கட்ட வேண்டாம். ஆனால் பெயின்ட் இன்னொரு உதவியும் செய்யுமோ என்று பார்க்கிறேன்: மணி இடுக்கை அடைத்து, தண்ணீர் ஊறுவதைத் தள்ளிப்போடுமா? அப்படியானால் ஒதுக்கும் பெட்டிகள் குறையும். உடைந்த பெட்டிகளின் மணிகள் கடற்கரை மணலில் எங்கும் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாம்பல் மணியும் அதே பாலிஸ்டைரீன்தான், அதுவும் மக்காது.

வெள்ளை அடித்த பெட்டியை அப்பாவிடமே விட்டுவிட்டு வந்தேன். மாதம் ஒருமுறை, ஐஸ் இல்லாமல் காயவைத்து, தராசில் நிறுத்து எடையை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதம் எடை ஏறவில்லை. இரண்டாம் மாதம் 40 கிராம் ஏறியிருக்கிறது. மூடியின் உள்பக்கம் ஒரு மூலையில் பெயின்ட் உரிந்திருப்பதாகப் படம் அனுப்பினார். பெட்டியைத் திரும்பக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். வஞ்சிரம் அதில்தான் போகிறதாம்.